இடது ஜன்னலில் நான் பார்த்தது

சேகர்,

நீ ஏறிய வண்டி சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது. கொச்சிக்குப் போய்ச் சேர்ந்ததாக நீ போட்ட கார்டு நேற்றுக் கிடைத்தது. பயிற்சி தொடங்கிவிட்டது, சாப்பாடு பரவாயில்லை, உப்புக் காற்றுதான் இன்னும் பழகவில்லை என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, "அன்னைக்கு ஏன் நைனா பாதியில எழுந்து போனீங்க?" என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

உனக்காகக் கூட்டம் போட்டது எதிர்வீட்டு முனுசாமி. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய நம் லைனில் இருக்கும் இருபது வீட்டுக்காரர்களும் படிப்பகத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குக் கூடப் போகாமல் அப்படியே வந்திருந்தார்கள். கடற்படை விமானத்தில் வேலை என்பது நம் லைனுக்குப் பெரிய விஷயம்தான். உனக்கு மாலை போட்டு, பேசச் சொன்னார்கள். உனக்குப் பேச வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து நின்று, "எங்க நைனா பத்து மணி நேரம் கடலையே பாத்துக்கினு நின்னாரு. வேற யாரு கண்ணுக்கும் படாத ஒரு பலகையை அவருதான் பாத்தாரு. அதனால மூணு உசுரு பொழைச்சுது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளந்தேன். அவரு நின்ன ஜன்னலாண்ட நான் போய் நிக்கப் போறேன்" என்றாய். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. முனுசாமி என் தோளைத் தட்டி, "இன்னாபா பிளேன்காரே, நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு" என்றான். நான் மாரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டேன். வலி என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

எனக்கு வலி எதுவும் இல்லை. அந்த மூன்று பேரைக் கண்டுபிடித்தது நான் இல்லை, சேகர். முதல் நாளே நான் அவர்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தேன்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். இனி நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

உன் தாத்தா தங்கச் சுரங்கத்தில் துளை போடும் மிஷின் பிடித்தவர் என்பதும், கடைசியில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியவர் என்பதும் உனக்குத் தெரியும். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் என்னை ஏற விடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதனால் பள்ளிக்கூடம் முடித்ததும் விமானப்படையில் சிக்னலர் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் ஆனதும், நீ பிறந்ததும் நான் லீவில் வந்துபோன காலங்களில்தான். உன் அம்மா இங்கேயே தாத்தாவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மேற்கே ஒரு தளத்தில் என்னைக் கடல் ரோந்து விமானத்தில் போட்டார்கள். லிபரேட்டர் என்று பெயர். நாலு எஞ்சின். யுத்தம் முடிந்து போகும்போது வெள்ளைக்காரன் உடைத்துப் போட்டுவிட்டுப் போனதை நம் ஆட்கள் ஒட்டவைத்துப் பறக்கவிட்டது. உள்ளே நிமிர்ந்து நடக்க முடியாது. எங்கே கை வைத்தாலும் அதிரும். பெட்ரோல் வாசனை சாப்பாட்டிலும் ஏறிவிடும். விமானத்தின் இரண்டு பக்கமும், இறக்கைக்குப் பின்னால், கதவு அளவுக்கு ஒரு ஜன்னல். அதைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றால் காற்று கன்னத்தை அறையும். உன் அம்மா பின்னித் தந்த சிவப்பு மஃப்ளரைக் கழுத்திலும் காதிலும் சுற்றிக்கொண்டுதான் நிற்பேன்.

ரேடியோவில் அரை மணி, ரேடாரில் அரை மணி, ஜன்னலில் அரை மணி என்று மாறி மாறி வேலை. பன்னிரண்டு மணி நேரம் பறப்போம். உனக்கும் சீக்கிரம் தெரியவரும், கடலைப் பார்ப்பது லேசான வேலை இல்லை. முதல் பத்து நிமிடம் எல்லாம் தெரியும். பிறகு அலையும் நிழலும் நுரையும் ஒன்றாகிவிடும். இல்லாதது இருப்பது போலத் தெரியும். இருப்பது கண்ணில் படாமல் போகும். ஆனாலும் எனக்கு நல்ல கண் என்று பெயர் இருந்தது. மீன்பிடிப் படகை மற்றவர்களுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. ஒரு நாள் ரோந்தில், நீரின் மட்டத்துக்குக் கறுப்பாக நீளமாக ஒன்றைப் பார்த்து, நீர்மூழ்கியாக இருக்குமோ என்று மைக்கில் கத்திவிட்டேன். கேப்டன் உடனே விமானத்தைத் திருப்பிக் கீழே இறக்கினார். ஒருவன் கேமராவை எடுத்தான். ரேடியோவில் இருந்தவன் தளத்துக்குச் செய்தி அனுப்பத் தயாரானான். மூன்று சுற்றுச் சுற்றினோம். வேரோடு மிதந்து வந்த ஒரு மரம். விமானத்துக்குள் எழுந்த சிரிப்பு, நாலு எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. கேப்டன் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை கத்துவதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து எனக்கு 'லக்கடி' என்று பெயர் வந்தது. இந்தியில் மரக்கட்டை. மெஸ்ஸில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால், "லக்கடி வருது, சுற்றுங்கள், சுற்றுங்கள்" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அறைக்கு வந்து உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைப் பற்றி வீட்டுக்கு எழுதவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய புயல். அது அடங்கியதும், தூத்துக்குடியிலிருந்து மேற்குக் கரைக்குக் கிளம்பிய ஒரு தோணி கரை சேரவில்லை, ஒன்பது பேரைக் காணோம், தேடுங்கள் என்று உத்தரவு வந்தது. பாய் விரித்து ஓடும் சரக்குத் தோணி. விடிந்ததும் கிளம்பினோம். மேலும் கீழும் ஏர் ஓட்டுவது போல, ஒரு கோட்டில் போய் அடுத்த கோட்டில் திரும்பி வருவோம். புயலின் மிச்சம் கடலில் இன்னும் இருந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை நுரை. ஒன்பது மணி நேரம் ஆயிற்று. எல்லோருக்கும் கண் சிவந்துவிட்டது. வயர்லெஸ் ஆள் வாந்தி எடுத்துவிட்டுப் படுத்திருந்தான். கேப்டன் குரல் காதில் வந்தது: "இது கடைசிக் கோடு. எரிபொருள் தீர்கிறது. இதை முடித்துவிட்டு நேராகத் தளம்."

அப்போது இடது ஜன்னலில் நான் நின்றேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். நுரைக்கு நடுவே ஒரு வெள்ளை மட்டும் நுரை போல உடையாமல் அப்படியே இருந்தது. அதன் மேல் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளி. அந்த வெள்ளை ஒருமுறை மேலே எழும்பி இறங்கியது. அவ்வளவுதான். இரண்டு எண்ணுவதற்குள் இறக்கைக்குப் பின்னால் போய்விட்டது. என் கட்டைவிரல் மைக் பொத்தானை அழுத்திவிட்டது. அழுத்திய சத்தம் எல்லோர் காதிலும் 'க்ளிக்' என்று கேட்டிருக்கும். கேப்டன், "யார்? இடது பக்கமா? என்ன?" என்றார்.

சேகர், அந்த ஒரு கணத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதை உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ஒன்பது பேரை நான் நினைக்கவில்லை. கடலை நினைக்கவில்லை. மெஸ்ஸில் தட்டோடு நடந்து போகும் என்னை நினைத்தேன். எரிபொருள் இல்லாத நேரத்தில் திருப்பவைத்து, மறுபடியும் ஒரு மரக்கட்டையைக் காட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். "ஒன்றுமில்லை, சார். பொத்தான் தெரியாமல் பட்டுவிட்டது" என்றேன்.

எதிர் ஜன்னலில் நின்ற ஜோசப் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கொல்லத்துக்காரன், என் சிநேகிதன். புருவத்தைத் தூக்கி என்ன என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். தளத்துக்குத் திரும்பியதும், ஒன்றும் தென்படவில்லை என்று ஏட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

மறுநாள் வேறு ஒரு குழு போனது. காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தோணியின் மேல்தளப் பலகை ஒன்றில் மூன்று பேர். அந்தப் பக்கம் போன கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தது. வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். எங்கள் கடைசிக் கோட்டின் இடது பக்கம். நீரோட்டம் ஒரு ராத்திரி இழுக்கும் தூரம்தான் விலகியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட, அன்று பார்த்தது அதுவா வேறா என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் பிழைத்தவர்களுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. விசாரிக்கப் போன அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. "நீ மதராசிதானே, வா" என்று என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

மூன்று பேரில் பேசும் நிலையில் ஒருவர்தான் இருந்தார். அந்தோணி என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். உதடு வெடித்து, தோல் உரிந்து, கண்ணை முழுதாகத் திறக்க முடியாமல் படுத்திருந்தார். தமிழில் பேசியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தோணி கவிழ்ந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் நான் அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பலகையைப் பிடித்துக்கொண்டு முதலில் நாலு பேர் இருந்தோம் என்றார் அந்தோணி. நாலாவது ஆள் அவருடைய தம்பி.

"முந்தின நாளு மத்தியானம் ஒரு பிளேன் தலைக்கு மேலயே போச்சு, அண்ணாச்சி. நாங்க சட்டையக் கழட்டி வீசுனோம். தொண்டையில சத்தம் இல்ல. ஆனா பிளேன்ல ஒரு ஆளு நின்னத நான் பாத்தேன். மொகம் தெரியல. கழுத்துல செவப்பா என்னமோ கட்டியிருந்தாரு. நம்மளப் பாத்துட்டாரு, திரும்பி வருவாருன்னு எந்தம்பிகிட்ட சொன்னேன். அவனும் பாத்துக்கிட்டே இருந்தான். பொழுது அடையிற வரைக்கும் பாத்தான். வரலன்னதும், 'அண்ணே, அவரு நம்மளப் பாத்துட்டுத்தான் போறாரு'ன்னான். அதுக்குப் பொறவு பேசல. கொஞ்ச நேரங்கழிச்சிப் பாத்தா, பலகையில அவன் கை இல்ல."

அதிகாரி பேனாவோடு என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?" என்றார். மஃப்ளர் அப்போது என் கழுத்தில் இல்லை. தளத்தில் என் பெட்டிக்குள் கிடந்தது. நான் சொன்னது இதுதான்: "தம்பி களைத்துப்போய், முந்தின நாள் மாலை பிடியை விட்டுவிட்டான் என்கிறார்." அதிகாரி அதை எழுதிக்கொண்டார். விமானம் பற்றி ஒரு சொல்லும் அந்தக் காகிதத்தில் ஏறவில்லை. எழுந்து வரும்போது அந்தோணி என் கையை விடவில்லை. "கண்டுபிடிச்சது உங்க ஆளுகதான? நீங்க நல்லா இருக்கணும், அண்ணாச்சி" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கடலில் நான் வாயைத் திறக்காதது பயத்தில். அதை ஒருவேளை யாராவது மன்னிக்கலாம். ஆஸ்பத்திரியில் நான் செய்தது பயமில்லை. நன்றாக யோசித்து, ஒரு மனிதன் சொன்னதிலிருந்து எனக்கு ஆகாத பகுதியை மட்டும் உருவி எடுத்தேன். உயிரோடு இருந்த தம்பியைக் கைவிட்டேன், செத்த பிறகு அவன் கடைசியாகச் சொன்னதையும் அழித்தேன்.

இரண்டு மாதம் கழித்து லீவில் இங்கே வந்தேன். முனுசாமி பேப்பரில் படித்திருந்தான். "தோணிக்காரங்களைக் காப்பாத்தினது உங்க பிளேனா?" என்று கேட்டான். எங்கள் தளத்து விமானம்தான், ஆமாம் என்றேன். நீ என் மடியில் உட்கார்ந்திருந்தாய். அண்ணாந்து, "நீங்கதான் பாத்தீங்களா நைனா?" என்றாய். அப்போதும் சொல்லியிருக்கலாம், வேறு ஆள் பார்த்தான் என்று. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. "ஆமாண்டா" என்றேன். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கப் பரவிவிட்டது. தாத்தா மூச்சுவாங்கிக்கொண்டே நாலு வீடு போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அதைத் திருப்பி எடுக்க என்னால் முடியவில்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மேற்கொண்டு இருக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று வந்துவிட்டேன். குடும்பத்தோடு இருக்க வந்தேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். ஜன்னலில் நிற்க முடியாமல் வந்தேன் என்பதுதான் நிஜம். ஆனால் விமானம் என்னை விடவில்லை. பெங்களூரில் பழுதுபார்த்து ஓட்டிப்பார்க்கும் லிபரேட்டர்கள் சில நாள் இந்தப் பக்கம் வரும். நீ சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாய். ஏறக்கூடாது என்று அம்மா எத்தனை திட்டினாலும், என்னை இழுத்துக்கொண்டு, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேட்டின் மேல் ஓடுவாய். "நாலு எஞ்சின் நைனா, உங்க பிளேன்!" என்று குதிப்பாய். "நீங்க நின்ன ஜன்னல் எது, காட்டுங்க" என்பாய். நான் கையை நீட்டி இடது பக்கத்தைக் காட்டுவேன். அது மேகத்தில் மறையும்வரை நீ கையை ஆட்டுவாய். நீ ஆட்டும் கையைப் பார்க்க முடியாமல் நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கண் கூசுகிறது என்று உன்னிடம் சொல்வேன்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் வாயில் எனக்கு மணி அடிக்கும் வேலை கிடைத்தது. கேஜை நிறுத்த, ஏற்ற, இறக்க மணி அடித்துச் சொல்லும் வேலை. கயிறு போகும் சத்தத்தில் கொஞ்சம் வித்தியாசம் கேட்டால்கூட நிறுத்தச் சொல்லி அடித்துவிடுவேன். உள்ளே நாற்பது பேர் நடுவழியில் தொங்கிக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். "இன்னாய்யா, உனக்குக் காதுல கோளாறா?" என்று ஃபோர்மேன் எரிந்து விழுவார். இப்படி ஏழு தடவை. ஏழாவது தடவை என்னை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கிண்டல் செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். கயிற்றில் நிஜமாகவே பழுது இருந்தது, மறைத்துவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய். ஏழு தடவையும் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அதற்காக நான் வருத்தப்படவே இல்லை, சேகர். ஒன்றுமில்லை என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் கேஜை விட்டேன்.

இதை எழுதுவதால் நீ வேலையை விட்டு வந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. என் முகத்தில் விழிக்க மாட்டாயோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு பொய்யை நம்பி நீ அந்த ஜன்னலில் போய் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நிற்பதானால் தெரிந்து நில். எதைப் பார்த்தாலும் சொல். சந்தேகமாக இருந்தாலும், சந்தேகம் என்றே சொல். தவறாகப் போனால் நாலு நாள் சிரிப்பார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். அது உன்னைக் கொல்லாது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்: உன்னோடு பறப்பவன் ஒருநாள் மரக்கட்டையைக் காட்டித் திருப்பச் சொல்வான். அப்போது நீ சிரிக்காதே. மற்றவர்கள் சிரித்தால் அவன் பக்கத்தில் போய் உட்கார். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாயை மூடியது நான்தான். ஆனால் அன்று ஒருவனாவது, பரவாயில்லை, அடுத்ததையும் சொல் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை முனுசாமி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, "இன்னாத்துக்குபா இப்போ வந்து சொல்றே? நாங்க சந்தோசமா கேட்டுக்கினு இருந்தோமே" என்றான். வாசல்வரைகூட வரவில்லை. இனி 'பிளேன்காரே' என்று என்னைக் கூப்பிடுவானா என்று தெரியாது.

திரும்பி வந்து, இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்பைத் தணித்துவிட்டு, முறம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, முந்தின பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தத் தம்பி பேரு இன்னாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்தோணியின் ஊரும் பெயரும் காகிதத்தில் வேண்டியிருந்தது, கேட்டேன். தம்பியின் பெயரை அதிகாரி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அது எனக்குத் தோன்றவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"கேட்டுக்கினு வரணும்" என்றாள். "அவங்க அண்ணன் இருந்தா அவராண்ட சொல்லணும். இல்லாங்காட்டி வீட்டாளுங்க கீறாங்களா பாத்துச் சொல்லணும். அடிச்சாலும் வாங்கிக்கினு வரணும்."

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் புறப்படுகிறேன். தனியாகப் போவதாகத்தான் சொன்னேன். உன் அம்மா தன் புடவையையும் என் வேட்டியையும் ஒரே பையில் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நைனா